பார்வை குறைந்த பிள்ளை தானாக வந்து சொல்லாது

வயிறு வலித்தால் பிள்ளை அழும். காது வலித்தால் காதைப் பிடித்துக்கொண்டு வரும். ஆனால் கண் சரியாகத் தெரியாத பிள்ளை எந்த முறைப்பாட்டையும் கொண்டு வராது. பிறந்ததிலிருந்து உலகம் மங்கலாகவே தெரியும் பிள்ளைக்கு, மற்றவர்களுக்கு அது தெளிவாகத் தெரிகிறது என்பதை அறிய வழியில்லை. எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்றே அது நினைத்துக்கொள்ளும்.

பார்வைக் குறைபாடுள்ள ஒரு மகனை பொகவந்தலாவையில் வளர்த்துவரும் தாய் என்ற வகையில், இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன். மருத்துவ விளக்கங்களை வைத்தியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனால் கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் சொல்லப்படும் ஒரு விடயத்தை வீட்டில் வருடக்கணக்கில் நடைமுறைப்படுத்துவது எப்படி என்பதை, அதை அன்றாடம் செய்பவர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் மகனின் குறைபாடு அவன் தரம் 1 இல் படிக்கும்போது தெரியவந்தது. எமது நாட்டில் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தினர் பாடசாலைகளுக்கு வந்து தரம் 1, 4, 7, 10 மாணவர்களைப் பரிசோதிக்கும் திட்டம் இருக்கிறது. அதில் கண் பரிசோதனையும் அடங்கும். ஆறு மீற்றர் தூரத்தில் எழுத்துப் பலகையை வைத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் வாசிக்கச் சொல்வார்கள். இடது கண்ணால் ஓரளவு வாசித்த என் மகன், வலது கண்ணால் மேலே உள்ள பெரிய எழுத்தைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. அன்று கையில் கொடுத்தனுப்பிய சிறிய துண்டுதான் எங்களைக் கண் வைத்திய நிபுணரிடம் கொண்டு சேர்த்தது.

இந்த இடத்தில் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டிய முதல் விடயம் ஒன்று உண்டு. ஒரு கண் ஓரளவு நன்றாக இருந்து, மறு கண் மிகவும் பலவீனமாக இருந்தால் வெளியில் எதுவுமே தெரியாது. பிள்ளை ஓடும், விளையாடும், படம் வரையும். நல்ல கண் எல்லா வேலையையும் செய்துவிடும். ஆகவே இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டு "அது தெரிகிறதா, இது தெரிகிறதா" என்று கேட்பதில் பயனில்லை. ஒவ்வொரு கண்ணாக மூடித்தான் பார்க்க வேண்டும். சுவரில் தொங்கும் கலண்டரே வீட்டில் போதும். பிள்ளையை அறையின் மறுமுனையில் நிறுத்தி, உள்ளங்கையால் ஒரு கண்ணை அழுத்தாமல் மூடி, எண்களைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

எண்களை இன்னும் அறியாத சிறு பிள்ளை என்றால், ஒரு கண்ணை மூடும்போது பேசாமல் இருந்து, மற்றக் கண்ணை மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுகிறதா என்று பாருங்கள். நல்ல கண்ணை மூடினால்தான் பிள்ளைக்கு ஆத்திரம் வரும். மாறுகண், கறுப்பு விழி வெண்மையாகத் தெரிவது, ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் இருப்பது ஆகியவற்றைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அது பிறவிக் கண்புரையாக இருக்கலாம். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தான கண் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம்.

கிட்டப்பார்வை என்றால் என்ன?

கண் உருண்டை இருக்க வேண்டியதைவிடச் சற்று நீளமாக வளர்ந்துவிட்டால், தூரத்துப் பொருளின் உருவம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுந்துவிடும். அதுதான் கிட்டப்பார்வை. கண்ணாடிச் சீட்டில் கழித்தல் அடையாளத்துடன் எழுதப்படும் எண்ணுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 100 சென்ரிமீற்றரை அந்த எண்ணால் வகுத்தால், கண்ணாடி இல்லாமல் அந்தக் கண்ணுக்கு எவ்வளவு தூரம்வரை தெளிவாகத் தெரியும் என்று வரும். என் மகனின் இடது கண் அப்போது கழித்தல் 3.50. அதாவது ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர். வலது கண் கழித்தல் 8. அதாவது 12 சென்ரிமீற்றர் அளவு. அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் மங்கல்.

அந்த மங்கல் எப்படியிருக்கும் என்று உறவினர்கள் கேட்டால் எங்கள் ஊரோடு தொடர்புடைய ஓர் உதாரணத்தைச் சொல்வேன். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே மரணித்தவர். அவருடைய படங்களில் முகத்தின் விளிம்புகள் கூர்மையாக இருக்காது. வெளிச்சமும் நிழலும் உருவமும் தெரியும், கோடுகள் கரைந்திருக்கும். அந்தக் காலத்தில் அதற்காக அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. கிட்டப்பார்வையுள்ள பிள்ளைக்கு வகுப்பறையில் ஆசிரியையின் முகம் ஏறத்தாழ அப்படித்தான் தெரியும். ஒருவர் நிற்கிறார் என்று தெரியும். அவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று தெரியாது.

கண்ணாடி போட்டால் இடது கண் சரியாகிவிட்டது. வலது கண் சரியாகவில்லை. காரணம், சோம்பல் கண் என்று சொல்லப்படும் நிலை. பார்ப்பது கண் மட்டுமல்ல, மூளையும்தான். வாழ்வின் முதல் ஏழு, எட்டு வருடங்களில் மூளை பார்க்கக் கற்றுக்கொள்கிறது. அந்தக் காலத்தில் ஒரு கண்ணிலிருந்து மங்கலான உருவமே வந்துகொண்டிருந்தால், மூளை அந்தக் கண்ணைக் கவனிக்காமல் விட்டுவிடும். பிறகு சரியான கண்ணாடியைப் போட்டாலும் அந்தக் கண்ணால் தெளிவாகப் பார்க்க முடியாது. வயது ஏற ஏற இதைத் திருத்துவது கடினமாகிறது. ஏழு வயதைத் தாண்டிய பிள்ளைகளிலும் ஓரளவு முன்னேற்றம் காணலாம் என்று 2005 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியிருப்பதால், நேரம் கடந்துவிட்டது என்று யாரும் கைவிடத் தேவையில்லை. ஆனாலும் முந்திச் செய்வதற்கு ஈடில்லை.

இரண்டு மணித்தியாலம்

இதற்கான சிகிச்சையைக் கேட்டால் எவருக்கும் ஆச்சரியமாக இருக்கும். நல்ல கண்ணை மூட வேண்டும். பலவீனமான கண் வேறு வழியின்றி வேலை செய்ய வேண்டும். முன்னர் நாள் முழுவதும் மூடிவைக்கச் சொல்வார்களாம். 2003 இல் வெளியான ஆய்வொன்று, நடுத்தர அளவிலான சோம்பல் கண்ணுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் மூடுவதும் ஆறு மணித்தியாலம் மூடுவதும் ஒரே பலனையே தருகின்றன என்று காட்டியது. எங்கள் வைத்தியரும் இரண்டு மணித்தியாலமே சொன்னார். கூட்டினால் சீக்கிரம் குணமாகும் என்று நாமாகக் கூட்டவும் கூடாது. நல்ல கண் பாதிக்கப்படலாம்.

எழுதும்போது இரண்டு மணித்தியாலம் என்பது சிறிய விடயம். ஆனால் அந்த நேரத்தில் பிள்ளைக்கு இருப்பது பலவீனமான கண் மட்டும்தான். ஓடித் திரிந்த பிள்ளை படியைத் தடவித் தடவி இறங்குவான். தெரிந்த முகத்தைப் பார்த்து "யாரு?" என்று கேட்பான். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்க்க முடியாமல் ஆக்கும் வேலையைத் தாயே தன் கையால், ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு செய்ய வேண்டும். முதல் மாதம் அவன் அழுதான், பிய்த்து எறிந்தான். அவனுடைய உம்மும்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்டக்கி ஒரு நாள் விட்டுடு மகள்" என்பார். ஒரு நாள் விட்டால் அடுத்த நாளும் விடச் சொல்லும் மனம். ஆகவே சோறு, தண்ணீர் போல இதுவும் ஒன்று என்று வீட்டில் முடிவெடுத்தோம். விருந்தாளி வந்தாலும், பெருநாளானாலும் மாற்றமில்லை.

 அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பார்த்துச் செய்யும் ஏதாவது வேலை கொடுக்கலாம். எங்களுக்கு உதவியவை வீட்டிலுள்ள பொருட்கள்தான். பருப்பில் கல் பொறுக்குவது, வாப்பாவின் கடையிலிருந்து வரும் சில்லறைக் காசைப் பிரித்து அடுக்குவது, பெரிய ஊசியில் நூல் கோப்பது, கட்டங்களுக்கு நிறம் தீட்டுவது. சில்லறை பிரிப்பது அவனுக்கு மிகவும் பிடித்தது. கடைக்கு உதவுகிறோம் என்ற பெருமை அழுகையை மறக்கடித்தது. தங்கையும் தன் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். மூத்த மகள் மட்டும் ஒரு நாள், "எனக்கும் கண் தெரியாட்டி எனக்கும் இப்படிப் பக்கத்துல இருப்பீங்களா உம்மா?" என்று கேட்டாள். ஒரு பிள்ளையின் சிகிச்சை மற்றப் பிள்ளைகளின் நேரத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கண் மறைப்பு வேலையை வாப்பா பார்த்துக்கொள்ள, அந்த நேரத்தை மூத்த மகளுக்குக் கொடுத்தேன்.

மூன்று வருடங்கள் ஆகின்றன. வலது கண் கண்ணாடியுடன் ஆரம்பத்தில் 6/36. அதாவது சாதாரண கண்ணுக்கு 36 மீற்றரில் தெரியும் எழுத்தைப் பார்க்க அவன் 6 மீற்றர் கிட்டே போக வேண்டியிருந்தது. இப்போது 6/18. முழுமையாக வரவில்லை. வராமலும் போகலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஆனால் நாளை ஏதாவது ஒரு விபத்தில் நல்ல கண்ணுக்கு ஒன்று நடந்தால், 6/36 இல் நிற்பதற்கும் 6/18 இல் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. இந்த உழைப்பெல்லாம் அதற்காகத்தான். அதே காரணத்துக்காக, இலேசில் உடையாத பொலிகார்பனேட் வில்லைகளையே போடுகிறோம்.

வீட்டிலும் வெளியிலும்

சின்னச் சின்ன ஏற்பாடுகள் பெரிய உதவி செய்கின்றன. வெள்ளைப் பீங்கானில் வெள்ளைச் சோறு தெரியாது. கடும் நிறக் கோப்பையில் போட்டால் தெரியும். வாசற்படிகளின் விளிம்பில் மஞ்சள் பெயின்ற் கோடு இழுத்தோம். எங்கள் பகுதியில் எந்த வீட்டுக்குப் போனாலும் படி ஏறி இறங்காமல் முடியாது. பொருட்களை எடுத்த இடத்திலேயே வைக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வந்தது. புத்தகத்தின் மீது குனிந்து கழுத்து வலிக்காமலிருக்க, குர்ஆன் ஓதும்போது வைக்கும் மரத்தாங்கியைப் போன்ற ஒரு சாய்வுப் பலகையைத் தச்சரிடம் செய்வித்து பாடப் புத்தகங்களுக்கு வைத்தோம். வெளிச்சம் பின்பக்கத்திலிருந்து தோளுக்கு மேலாக வர வேண்டும்.

மலைநாட்டுக்கே உரிய தொல்லைகளும் உண்டு. பனிமூட்டத்திலும் மழையிலும் கண்ணாடி மூடிக்கொள்ளும். பிள்ளை சேட்டின் ஓரத்தால் துடைத்தால் கீறல் விழும். ஒரு துளி சவர்க்காரமும் தண்ணீரும் போதும், பிறகு மெல்லிய பருத்தித் துணி. ஓடும்போது விழாமலிருக்க பின்னால் ஒரு நாடா. கிளினிக் நாளில் விடியற்காலை பஸ் பிடித்து நோர்வூட், டிக்கோயா, ஹட்டன் வழியாகப் போய்த் திரும்பினால் அன்றைய நாள் முடிந்துவிடும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் திரும்பும் வழியெல்லாம் வெளிச்சம் கூசும். ஒரு தொப்பி கொண்டுபோவது நல்லது. நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் தோட்டத்துத் தாய்க்கு அந்த ஒரு நாள் என்பது ஒரு நாள் சம்பளம். கடை வைத்திருக்கும் எங்களுக்கே கடினமான ஒன்று அவர்களுக்கு எப்படியிருக்கும் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாடசாலையில் வருடத்துக்கு ஒரு புதிய ஆசிரியர். ஆகவே ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் ஒரு சிறிய கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். அதில் நான்கு விடயங்கள்தான். முன் வாங்கில் இருத்துங்கள். ஜன்னல் வெளிச்சம் பலகையில் பளபளக்காத பக்கமாக இருந்தால் நல்லது. பலகையில் எழுதுவதை வாயாலும் சொல்லுங்கள். கண்ணாடியைக் கழற்றினால் போடச் சொல்லுங்கள். எந்த ஆசிரியையும் மறுத்ததில்லை.

மத்ரஸாவில் பிரச்சினை வேறு விதமானது. அரபு எழுத்துகளில் பா, தா, ஸா மூன்றுக்கும் வடிவம் ஒன்றே. புள்ளி மேலா கீழா, ஒன்றா இரண்டா மூன்றா என்பதில்தான் வித்தியாசம். தமிழிலும் க என்பதற்கும் க் என்பதற்கும் இடையில் இருப்பது ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளி தெரியாத பிள்ளை மாற்றி மாற்றி ஓதும். மற்றவர்கள் கண்ணுக்கு அது கவனமின்மையாக, சோம்பேறித்தனமாகத் தெரியும். திருப்பித் திருப்பிப் பிழை விடும் பிள்ளையை ஏசுவதற்கு முன், புத்தகத்தை எவ்வளவு கிட்டே பிடிக்கிறது என்று உஸ்தாத்மார்கள் ஒரு முறை கவனித்தால் போதும். பெரிய எழுத்துப் பிரதி கிடைத்த பிறகு என் மகன் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக ஓதுகிறான்.

காதில் விழும் கதைகள்

"இந்த வயசிலயே கண்ணாடியா?" என்ற கேள்வியைக் கடக்காத பெற்றோர் இருக்க மாட்டார்கள். "கண்ணாடி போட்டா கண் இன்னும் பழுதாப் போகும்" என்பார்கள். மலேசியாவில் செய்யப்பட்டு 2002 இல் வெளியான ஆய்வொன்றில், வேண்டுமென்றே குறைந்த பவர் கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் கிட்டப்பார்வை, முழுப் பவர் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுடையதைவிட வேகமாகவே கூடியது. கண்ணாடியைத் தவிர்ப்பதால் கண்ணைக் காப்பாற்ற முடியாது.

நுவரெலியாக் கரட்டும் பொன்னாங்காணியும் கொடுக்கச் சொல்வார்கள். கொடுக்கலாம், விற்றமின் ஏ கண்ணுக்கு அவசியம்தான். ஆனால் நீண்டுவிட்ட கண் உருண்டையைக் கரட் சுருக்காது. பிள்ளைகளைப் பகல் வெளிச்சத்தில் விளையாட விடுவது இதைவிடப் பயனுள்ளது. தாய்வான் 2010 இல் பாடசாலைப் பிள்ளைகளை நாளொன்றுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்கச் செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. அதுவரை ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைபாட்டு விகிதம் அதன் பின்னர் இறங்கத் தொடங்கியது. புலமைப்பரிசிலுக்காகப் பின்னேரம் முழுவதும் பிள்ளையை டியூஷன் வகுப்பில் இருத்துபவர்கள் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

கண்ணூறு என்பார்கள். துஆ கேட்போம், ஓதி ஊதுவோம். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதால், இரண்டையும் சேர்த்தே செய்வோம். ஆனால் கண்ணுக்குள் தேன், எண்ணெய், தாய்ப்பால் என்று எதையும் விடாதீர்கள். எகிப்தின் பெரும் எழுத்தாளர் தாஹா ஹுசைன் ஏறத்தாழ மூன்று வயதில் பார்வையை இழந்தவர். கண் நோய் வந்தது, சில நாட்கள் கவனிக்கப்படவில்லை, பிறகு ஊர் நாவிதரின் கை வைத்தியம் கண்ணைப் பறித்தது. அதே மனிதர்தான் 1950 இல் எகிப்தின் கல்வி அமைச்சராகி இடைநிலைக் கல்வியை இலவசமாக்கினார். பார்வை போன பிள்ளை எவ்வளவு உயரலாம் என்பதற்கும், போகாமல் காத்திருக்கலாம் என்பதற்கும் அவரே சாட்சி.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு கதை சேரும். கண்ணாடி போட்டால் நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று கழற்றி வைக்கச் சொல்லும் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. ஏழு வயதுப் பிள்ளையின் பார்வையை இருபது வயதுக் கல்யாணத்துக்காக விலை பேசுவது நியாயமா என்று அந்த வீட்டுப் பெரியவர்களே யோசிக்கட்டும்.

சமூகம் செய்யக்கூடியது

கண்ணாடியாலும் சிகிச்சையாலும் சரிசெய்ய முடியாத பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் இந்த நாட்டில் வழிகள் இருக்கின்றன. இரத்மலானையிலுள்ள பார்வையற்ற பிள்ளைகளுக்கான பாடசாலை 1912 இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. அங்கவீனத்தைக் காரணம் காட்டி எவரையும் கல்வி நிலையத்தில் சேர்க்க மறுக்க முடியாது என்பது 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம். பொதுப் பரீட்சைகளில் விசேட தேவையுடையவர்களுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளை அதிபர் ஊடாகக் கேட்கலாம்.

ஆனால் பெரும்பாலான பிள்ளைகளின் பிரச்சினை இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு இருப்பதாகவும், அதில் குறைந்தது 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் கூறியது. ஒரு சோடிக் கண்ணாடியோடு முடிந்துவிடக்கூடியவர்களும் அந்த எண்ணிக்கையில் அடக்கம்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள் பார்வையற்றவர். மதீனாவில் ஃபஜ்ருடைய அதானைச் சொல்லும் பொறுப்பு அவரிடம் இருந்தது. விடிந்துவிட்டதை அவரால் பார்க்க முடியாது. விடிந்துவிட்டது என்று பக்கத்தில் இருப்பவர்கள் அவருக்குச் சொல்வார்கள், அவர் அதான் சொல்வார் என்று ஹதீஸில் வருகிறது. பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிடவில்லை. அவருக்கு வேண்டிய ஒரு வார்த்தையைச் சுற்றியிருந்தவர்கள் கொடுத்தார்கள். நமது பிள்ளைகளுக்கும் கேட்பது அவ்வளவுதான்.

நமது பள்ளிவாசல் நிர்வாகங்களால் மூன்று காரியங்களை இலகுவாகச் செய்ய முடியும். மத்ரஸாவில் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் ஒவ்வொரு கண்ணாக மூடி எழுத்துப் பலகையை வாசிக்கச் செய்யலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் முறையைக் காட்டித் தருவார். பெரிய எழுத்துப் பிரதிகள் சிலவற்றை வாங்கி வைக்கலாம். கண்ணாடி வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு, அது நம் தெருப் பிள்ளையானாலும் பக்கத்து லயத்துப் பிள்ளையானாலும், ஸதகா நிதியில் ஒரு பங்கை ஒதுக்கலாம். உடைந்த கண்ணாடியை மாற்றப் பணமில்லாமல் பல மாதங்கள் மங்கலாகவே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை அதை யாரிடமும் சொல்லாது. நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.